ஏற்காடு பஸ்ஸில் பாதி, டீச்சர் வீட்டில் பாதி: ஆங்கிலம் பேசப் பழகிய அனுபவம்

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் தெருப் பிள்ளைகள் பிளஸ் டூ முடித்ததும் என்னிடம் வந்து கேட்பது இதைத்தான்: "அக்கா, இங்கிலீஷ் பேசக் கத்துக்கணும். கிளாஸ் சேரணுமா, யூடியூப் பாத்தே கத்துக்கலாமா?" கேட்கிற பிள்ளையின் அப்பா தறி நெய்பவராகவோ, வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கூலிக்கு வேலை பார்ப்பவராகவோ இருப்பார். ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸுக்குக் கட்டும் பணம் அந்த வீட்டுக்குச் சின்னத் தொகை கிடையாது. அதனால் போகிற போக்கில் ஏதோ ஒரு பதிலைச் சொல்லி அனுப்ப எனக்கு மனசு வராது. இரண்டு வழியிலும் நடந்து பார்த்தவள் என்பதால் இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்டுப் புரிந்துகொள்வது, சொற்களைச் சேர்ப்பது, தினமும் வாயைத் திறந்து பழகுவது, இவை எல்லாம் தனியாகவே வரும். இவற்றுக்குக் காசு கொடுக்க வேண்டாம். நம் வாயில் வருகிற தவறு மட்டும் நம் காதுக்குக் கேட்காது. அதைக் கேட்டுச் சொல்ல ஒருவர் வேண்டும். காசு கொடுப்பதாக இருந்தால் அதற்குக் கொடுங்கள்.

நான் படித்தது அரசுப் பள்ளியில், தமிழ் வழியில். பிறகு பி.காம். ஆங்கிலம் எனக்கு ஒரு பரீட்சைப் பேப்பர், அவ்வளவுதான். லீவ் லெட்டர் எழுதுவேன், கட்டுரையை மனப்பாடம் செய்து ஒப்பிப்பேன், பாசிவ் வாய்ஸ் மாற்றச் சொன்னால் மாற்றுவேன். யாராவது நேரில் ஒரு கேள்வி கேட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இந்த நிலைமையில்தான் ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதியின் வரவேற்பில் வேலை கிடைத்தது. பெங்களூரு, கொச்சி, கொல்கத்தா என்று பல ஊர்களிலிருந்து வருவார்கள். சீசனில் வெளிநாட்டுக்காரர்களும் உண்டு. நேரில் என்றால் கையைக் காலை ஆட்டிச் சமாளித்துவிடலாம். ஃபோனில் என்ன செய்வது?

ஏற்காட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். அந்தக் காலத்திலிருந்தே இந்த மலையில் ஆங்கிலம் புழங்குகிறது. மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917-ல் தொடங்கியது. எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் வந்து விடுதியில் தங்கி இங்கே ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். ஆனால் நாகலூர்ப் பக்கத்திலிருந்து எங்கள் விடுதிச் சமையலறைக்கு வேலைக்கு வரும் அக்கா, பல வருஷமாகக் காது நிறைய ஆங்கிலம் கேட்டும் நான்கு சொற்களுக்கு மேல் பேசியதில்லை. அந்த அக்காவுக்குப் புத்தி கூர்மை. கூட்டல் கணக்கை மனசிலேயே போட்டுவிடுவார். சுற்றிலும் ஒரு மொழி ஒலித்துக்கொண்டிருந்தால் தானாக வாய்க்கு வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். நாம் அதைக் கவனித்துக் கேட்க வேண்டும், திருப்பிச் சொல்ல வேண்டும், சொன்னதைப் பதில் எதிர்பார்க்கும் ஒருவரிடம் பயன்படுத்த வேண்டும். இந்த மூன்றில் எது விடுபட்டாலும் மொழி காதோடு நின்றுவிடுகிறது.

எனக்குப் படிக்கக் கிடைத்த நேரம் பஸ் நேரம்தான். கோரிமேடு தாண்டி அடிவாரம் வரும் வரை கூட்டமும் ஹாரனும் இருக்கும். அடிவாரத்துக்கு மேல் இருபது கொண்டை ஊசி வளைவுகள். வண்டி மெதுவாக ஏறும், ஆட்கள் தூங்கிவிடுவார்கள். வளைவுகளில் சிக்னல் அறுந்து அறுந்து வரும் என்பதால், கேட்க வேண்டியதை முந்தின நாள் ராத்திரியே வீட்டில் இறக்கி வைத்துக்கொள்வேன். மலை ஏறும்போது கேட்பது, இறங்கும்போது வாய்க்குள் முணுமுணுப்பது. துப்பட்டாவால் பாதி முகத்தை மூடிக்கொண்டால் குளிருக்கு என்று நினைத்துக்கொள்வார்கள், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

எதைக் கேட்பது என்பதில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். ஆங்கிலப் படம் பார் என்பார்கள். பத்தில் ஒன்றுகூடப் புரியாத நிலையில் படம் பார்த்தால் படம் பார்த்த திருப்திதான் மிஞ்சும். எனக்கு உதவியது, கற்பவர்களுக்காகவே மெதுவாகப் பேசப்பட்ட ஒலிப்பதிவுகள். வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி 1959-ல் 'ஸ்பெஷல் இங்கிலீஷ்' என்று ஒன்றைத் தொடங்கியது. ஏறக்குறைய 1,500 அடிப்படைச் சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு, சின்னச் சின்ன வாக்கியங்களில், வழக்கமான செய்தியைவிட நிதானமாக வாசித்தார்கள். அதில் பழகிய பிறகு பிபிசியின் ஆறு நிமிட ஆங்கில நிகழ்ச்சிக்குப் போனேன். அதற்கு எழுத்து வடிவமும் கூடவே கிடைக்கும், அதுதான் முக்கியம். முதலில் எழுத்தைப் பார்க்காமல் கேட்பேன். அடுத்து எழுத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டு, காதில் எந்த இடம் நழுவியது என்று பென்சிலால் கோடு போடுவேன். மூன்றாவதாக, அவர்கள் பேசப் பேச அரை விநாடி பின்னாலேயே நானும் சொல்லிக்கொண்டு போவேன். இதை ஷேடோயிங் என்கிறார்கள். பெயர் தெரியாத காலத்திலேயே நான் அதைச் செய்துகொண்டிருந்தேன்.

சொற்களை அகராதி வரிசையில் படிக்கவில்லை. வரவேற்பு மேஜையில் எனக்கு என்ன தேவையோ அதை வாக்கியமாகவே எழுதி வைத்தேன். 'லெட் மீ செக் அண்ட் கால் யூ பேக்', 'த ரூம் வில் பி ரெடி பை நூன்', 'இட் இன்க்ளூட்ஸ் பிரேக்ஃபாஸ்ட்'. தனிச் சொல்லாக வைத்திருந்தால் பேசும்போது அவற்றைக் கோர்க்க நேரம் போதாது. வாக்கியமாக இருந்தால் ஒரே இழுப்பில் வந்துவிடும். இதைப் படிக்கிறவர் மெடிக்கல் ஷாப்பில் இருந்தால் அவருடைய வாக்கியங்கள் வேறு, லாரி ஆபீசில் இருந்தால் வேறு. கடையில் விற்கும் 'முப்பது நாளில் ஆங்கிலம்' வகைப் புத்தகங்களில் உங்கள் வேலைக்கான வாக்கியங்கள் இருக்காது. நீங்கள்தான் எழுதிச் சேர்க்க வேண்டும்.

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. பலன் கண்கூடாகத் தெரிந்தது. ஃபோனில் வேகமாகப் பேசுகிறவர்கள் சொல்வது புரிந்தது, பதில் சொல்லப் பயமும் குறைந்தது. இதை ஆசிரியர் யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. கொடுத்திருக்கவும் முடியாது, ஏனென்றால் இது மணிக்கணக்கில் உட்கார்ந்து கேட்டால் மட்டுமே வருவது. தனியாகப் படித்து ஒன்றும் ஆகாது என்று விளம்பரத்தில் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

அதற்கப்புறம் ஒரு கட்டத்தில் வண்டி நின்றுவிட்டது. கேட்பது கூடிக்கொண்டே போனது, பேச்சு மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. ஏன் என்று எனக்கே புரியவில்லை. ஒரு ஃபோன் பேச்சைச் சொன்னால் விளங்கும். ஒரு அமெரிக்கத் தம்பதி, காலையிலேயே அறைக்கு வந்துவிடலாமா என்று கேட்டார்கள். "யூ கேன் கம் அட் டென்" என்று தெளிவாக, அழுத்தித்தான் சொன்னேன். அந்தப் பக்கம் ஏமாற்றத்தோடு, வர முடியாதா என்று திருப்பிக் கேட்டார்கள். மறுபடியும் அதே 'கேன்' போட்டு, இன்னும் அழுத்தமாகச் சொன்னேன். அவர்களுக்கு இன்னும் குழப்பம். கடைசியில் "யெஸ், நோ ப்ராப்ளம், டென் ஓ கிளாக்" என்று முடித்தேன். என் இலக்கணத்தில் குற்றம் இல்லை, சொல்லும் சரி. எது போய்ச் சேரவில்லை என்பதை எந்த வீடியோவும் எனக்குச் சொல்லவில்லை. நான் என்ன கேள்வி கேட்டுத் தேட வேண்டும் என்பதே எனக்குத் தெரியாதே!

சேலத்தில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் மையத்தில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். அறை நிறையப் பேர். ஆசிரியர் போர்டில் காலங்களின் அட்டவணையை எழுதுவார், நாங்கள் பார்த்து எழுதுவோம். எனக்கு ஏற்கெனவே தெரிந்த இலக்கணத்தையே காசு கொடுத்து மறுபடி படித்தேன். இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. ஒரு மணி நேர வகுப்பில் 30 பேர் இருந்தால், ஆசிரியர் வாயே திறக்காவிட்டாலும் ஒருவருக்குக் கிடைப்பது இரண்டு நிமிஷம். அவரே பாதி நேரம் பேசினால் ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்தில் யாருக்கு எந்தத் தவறைக் கவனித்துத் திருத்த முடியும்? பாதியில் நின்றுவிட்டேன்.

அப்புறம்தான் அந்த டீச்சர் கிடைத்தார். மலையில் ஒரு விடுதிப் பள்ளியில் பல வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்று, அஸ்தம்பட்டியில் குடியிருந்தார். தமிழ்க்காரர். வாரத்தில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை காலை. நானும் ஒரு நர்ஸ் பெண்ணும் மட்டும்.

முதல் நாள் அவர் பாடம் எதுவும் எடுக்கவில்லை. "சேலத்துலருந்து ஏற்காட்டுக்கு ஒருத்தர் எப்படி வரணும், வந்தா என்னென்ன பாக்கலாம்னு இங்கிலீஷ்ல சொல்லு கண்ணு. நிறுத்தாம சொல்லு, நான் குறுக்க பேச மாட்டேன்" என்றார். என் ஃபோனிலேயே பதிவு செய்யச் சொன்னார். ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயின்ட், கிளியூர் அருவி என்று சொல்லி முடித்தேன். பதிவைப் போட்டு, "இப்ப நீயே கேளு. எங்க எங்க சரியில்லன்னு தோணுதோ எழுது" என்றார். நான் ஏழெட்டு இடம் எழுதினேன். அவர் கையில் ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"நீ எழுதினது எல்லாம் உனக்குத் தெரியும், அவசரத்துல விட்டிருக்க. அது உன் வேலை. வீட்ல பதிவு பண்ணிப் பண்ணி நீயே சரி பண்ணிக்க. அதுக்கு நான் காசு வாங்கக் கூடாது. நீ எழுதாம நான் மட்டும் எழுதினது இருக்கு பாரு, அது உன் காதுக்கே கேக்கல. அது என் வேலை."

தனியாகப் படிப்பதா, ஆசிரியரிடம் போவதா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான எல்லைக்கோட்டை நான் எங்கும் பார்த்ததில்லை. எங்கள் வீட்டில் அப்பா நெய்யும்போது அவர் கண்ணில் படாத இழைக்குறை, வேட்டியை விரித்துப் பார்த்து வாங்குகிறவர் கண்ணில் உடனே படும். அப்பாவுக்குத் தொழில் தெரியாமல் இல்லை. அவர் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து அது தெரியாது. டீச்சர் எழுதிய பக்கமும் அப்படித்தான் இருந்தது.

அந்தப் பக்கத்தில் முதலில் இருந்ததே 'கேன்'. ஆங்கிலத்தில் வாக்கியத்தின் எல்லாச் சொல்லுக்கும் ஒரே எடை கிடையாது. பொருள் தாங்கும் சொற்களை அழுத்துவார்கள், உதவிக்கு வரும் சொற்களை விழுங்கிவிடுவார்கள். 'யூ கேன் கம்' என்பதில் அழுத்தம் 'கம்' மேல். 'கேன்' என்பது 'க்ன்' என்று தேய்ந்துபோகும். முடியாது என்பதற்கு 'கேன்ட்' என்று சொல்லும்போதுதான் அந்த இடத்தில் அழுத்தம் வரும், கடைசி 'ட்' பல நேரம் காதில் சரியாக விழவே விழாது. நான் 'கேன்' என்று அழுத்தியதும், அந்த அமெரிக்கருக்கு அது 'வர முடியாது' என்று கேட்டிருக்கிறது. தமிழில் நாம் ஒவ்வொரு அசைக்கும் ஏறக்குறைய ஒரே அளவு நேரம் கொடுத்துப் பேசுகிறோம். தெளிவாகப் பேச நினைத்தால் இன்னும் அழுத்தி, ஒவ்வொரு சொல்லையும் பிரித்துச் சொல்கிறோம். அங்கே அதுவே குழப்பம் ஆகிவிடுகிறது. அன்றைக்கு நான் அழுத்த அழுத்த அவர்களுக்குக் குழப்பம் கூடியது இதனால்தான்.

அடுத்தது தேதி. எங்கள் மேஜையில் 'தர்ட்டீன்', 'தர்ட்டி' குழப்பம் வராத வாரமே கிடையாது. பதிமூன்றாம் தேதிக்கு அறையா, முப்பதாம் தேதிக்கா? முதலாவதில் அழுத்தம் கடைசி அசையில், 'டீன்' நீளும். இரண்டாவதில் அழுத்தம் முதல் அசையில், கடைசி 'டி' குறுகிவிடும். நான் இரண்டையும் ஒரே ராகத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். டீச்சர் சொன்ன இன்னொரு உபாயமும் உண்டு. ஃபோனில் எப்போதும் 'ஒன் த்ரீ', 'த்ரீ ஜீரோ' என்று இலக்கத்தைப் பிரித்து ஒரு முறை உறுதி செய். இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

இறந்தகால முடிவு இன்னொன்று. 'புக்' என்பதை 'புக்கெட்' என்று சொல்வோம். அது 'புக்ட்'. 'கேன்சல்' என்றால் 'கேன்சல்ட்', அந்தக் கடைசி ஒலி மெல்லிய 'ட'. சொல் ஏற்கெனவே 'ட்' அல்லது மெல்லிய 'ட' ஒலியில் முடிந்தால் மட்டுமே ஒரு அசை கூடும், 'வெயிட்' என்பது 'வெயிட்டட்' ஆவதுபோல. எழுத்தில் மூன்றுக்கும் ஒரே முடிவுதான் இருக்கும், அதனால் கண்ணால் படித்தவர்களுக்கு இது பிடிபடாது. 'பேக்' பெரிய வேடிக்கை. பையும் முதுகும் நம் எழுத்தில் ஒன்றுபோலவே வந்து நிற்கின்றன. ஆங்கிலத்தில் பைக்கு உயிரொலி நீளும், முதுகுக்குச் சட்டென்று வெட்டப்படும். நமக்கு க, ட, ப எல்லாம் இடத்தைப் பொறுத்து வன்மையும் மென்மையும் தானே மாறுகிற எழுத்துகள். அந்த வித்தியாசத்தைப் பொருள் வித்தியாசமாகக் கேட்க நம் காது பழகியதே இல்லை. அசட்டையாகக் கேட்டதால் வந்த குறை இல்லை அது. அதனால்தான் தமிழ் தெரிந்த ஆசிரியர் பெரிய பலம் என்று சொல்கிறேன். நாம் எங்கே தடுக்கி விழுவோம் என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும். வெள்ளைக்காரர் போலப் பேசுகிற ஆசிரியரைத் தேடி அலைய வேண்டியதில்லை.

டீச்சர் திருத்திய விதத்தையும் சொல்ல வேண்டும். நான் 'வென் யூ ஆர் கமிங்?' என்று கேட்டால், அவர் சரியான வாக்கியத்தைத் தானே சொல்லிவிட மாட்டார். ஆள்காட்டி விரலைத் தூக்கிவிட்டு அமைதியாக இருப்பார். நான் யோசித்து, 'வென் ஆர் யூ கமிங்' என்று மாற்றும் வரை காத்திருப்பார். வராவிட்டால், "கேள்வி கேக்கற, செய்தி சொல்லல" என்று ஒரு குறிப்பு மட்டும் கொடுப்பார். அந்த அமைதி ஆரம்பத்தில் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. அது ஏன் என்று பின்னால் படித்தபோது புரிந்தது. ராய் லிஸ்டர், லேலா ரான்டா என்ற இருவர் 1997-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கனடாவில் பிரெஞ்சு மொழியிலேயே பாடம் நடக்கும் தொடக்கப்பள்ளி வகுப்புகளைக் கவனித்து எழுதியது. ஆசிரியர்கள் திருத்தியதில் பாதிக்கு மேல், மாணவர் தவறாகச் சொன்னதைத் தாங்களே சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டுப் போகிற வகை. அந்த வகைத் திருத்தத்துக்குத்தான் மாணவர்கள் மிகக் குறைவாகக் காது கொடுத்தார்கள். மாணவர் வாயிலிருந்தே சரியானதை வரவழைத்தபோது அவர்கள் தவறாமல் முயன்று பார்த்தார்கள். நம் ஊர் வகுப்புகளில் நடப்பதும் முதல் வகைதான். ஆசிரியர் சரியாகச் சொல்வார், நாம் "ஆமா சார்" என்று தலையாட்டிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுவோம். திருத்தம் காதில் பட்டுக் காற்றோடு போய்விடும்.

ஒரு நாளில் இரண்டு வகைத் தவறுக்கு மேல் அவர் தொடவே மாட்டார். மீதி எத்தனை காதில் விழுந்தாலும் விட்டுவிடுவார். எல்லாவற்றையும் திருத்தினால் பேச்சே நின்றுபோகும் என்பார். அந்த இரண்டையும் வாரம் முழுக்க பஸ்ஸில் நான் தனியாகப் பழகி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதிவோடு போவேன். பாடம் என்று பார்த்தால் வாரத்தில் ஒரு மணி நேரம். பழக்கம் என்று பார்த்தால் தினமும். என் பேச்சு நின்ற இடத்திலிருந்து நகர்ந்தது அப்போதுதான்.

ஆசிரியரிடம் எப்போது போவது என்று கேட்பார்கள். முதல் நாளிலேயே போக வேண்டாம் என்பது என் கருத்து. பேசுவதற்குக் கையில் ஒன்றும் இல்லாதபோது அவர் எதைத் திருத்துவார்? எளிய ஒலிப்பதிவைக் கேட்டால் முக்கால்வாசி புரிந்து, உங்கள் வேலையைப் பற்றித் தட்டுத் தடுமாறியாவது இரண்டு நிமிஷம் பேச முடிகிற வரை தனியாகவே போங்கள். ரொம்பத் தள்ளிப் போடுவதும் ஆபத்து. லாரி செலிங்கர் என்ற மொழியியலாளர் 1972-ல் எழுதிய கட்டுரையில், இரண்டாம் மொழி கற்பவரின் பேச்சில் சில தவறுகள் உறைந்து கெட்டிப்பட்டுவிடும் நிலையைப் பற்றிச் சொல்கிறார். பத்து வருஷம் 'வென் யூ ஆர் கமிங்' என்று சரளமாகச் சொன்ன வாய்க்கு அதை மாற்றுவது லேசில்லை. சரளம் வந்த பிறகு கேட்பவர்களும் பொருளைப் புரிந்துகொண்டு போய்விடுகிறார்கள், யாரும் நிறுத்திச் சொல்வதில்லை.

சேருவதற்கு முன்னால் கூச்சப்படாமல் கேளுங்கள்: வகுப்பில் எத்தனை பேர்? ஒரு வகுப்பில் நான் எவ்வளவு நேரம் பேசுவேன்? தவறு செய்தால் எப்படித் திருத்துவீர்கள்? ஒரு வகுப்பு சும்மா உட்கார்ந்து பார்க்கலாமா? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் அங்கே பணம் கட்டாதீர்கள். உட்கார்ந்து பார்க்க விட்டால், ஆசிரியர் எவ்வளவு அழகாகப் பேசுகிறார் என்று பார்க்காமல், மாணவர்கள் எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்று கடிகாரத்தைப் பாருங்கள். மாதம் முழுக்க நடக்கும் பெரிய வகுப்பின் கட்டணத்தை, இரண்டு பேர் மூன்று பேர் சேர்ந்து ஒரு நல்ல ஆசிரியரிடம் வாரம் ஒரு மணி நேரத்துக்குக் கொடுத்துப் பாருங்கள். நான் பார்த்த வரையில் அந்தப் பணம் அங்கேதான் வேலை செய்கிறது. ஓய்வு பெற்ற ஆங்கில ஆசிரியர்கள் சேலத்தில் எல்லாப் பேட்டையிலும் இருக்கிறார்கள். பலருக்கு யாராவது வந்து கேட்டால் சந்தோஷம்தான்.

அதற்கும் வசதி இல்லாதவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நினைத்துத்தான் இதை எழுதவே ஆரம்பித்தேன். ஒரு தோழியையோ தோழனையோ பிடியுங்கள். நம் ஊரில் ஆங்கிலத்தில் பேசினால் பீட்டர் விடுகிறான் என்று சொல்லிச் சிரிப்பார்கள். அதனால் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்: ராத்திரி பத்து நிமிஷம், ஃபோனில், இங்கிலீஷ் மட்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் ஒரே ஒரு தவறை மட்டும் கவனிப்பது, இன்றைக்குக் கேள்வி வாக்கியம், நாளைக்கு இறந்தகாலம் என்று. தன் தவறு தனக்குக் கேட்காவிட்டாலும் அடுத்தவர் தவறு நன்றாகவே கேட்கும்!

உச்சரிப்புக்கு ஃபோனின் குரல்வழி தட்டச்சை ஆங்கிலத்துக்கு மாற்றி வைத்துக்கொள்ளலாம். வாக்கியமாகச் சொன்னால் அது சூழலை வைத்து ஊகித்துச் சரியாக எழுதிவிடும், நம் தவறு தெரியாது. தனிச் சொல்லாகச் சொல்லிப் பாருங்கள். பை வருகிறதா, முதுகு வருகிறதா என்று தெரிந்துவிடும். அழுத்தம் எந்த அசையில் என்று சந்தேகம் வந்தால் கேம்பிரிட்ஜ் இணைய அகராதியில் அந்த அசைக்கு முன்னால் மேலே ஒரு சின்னக் கோடு இருக்கும், ஒலியும் கேட்கலாம். 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் அசையில் விழும் அழுத்தம், அதை எடுப்பவரைச் சொல்லும்போது இரண்டாம் அசைக்குத் தாவும். இதையெல்லாம் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம், ஆசிரியர் நேரத்தை இதற்குச் செலவழிக்க வேண்டாம்.

இப்போது பேசிப் பழக ஏஐ செயலிகளும் வந்துவிட்டன. கூச்சம் உள்ளவர்களுக்கு அவை பெரிய துணை. நள்ளிரவில்கூடப் பொறுமையாகக் கேட்கும், சிரிக்காது. நான் பயன்படுத்திப் பார்த்ததில் ஒரு குறை: நாம் சொன்னதன் பொருளைப் புரிந்துகொண்டு, தவறைக் கண்டுகொள்ளாமல் இனிமையாகப் பதில் சொல்லிக்கொண்டே போகும். பேச ஆரம்பிக்கும் முன்பே, ஒவ்வொரு தவறிலும் என்னை நிறுத்து, சரியான வாக்கியத்தை நீ சொல்லாதே, என்னையே சொல்லவை என்று கட்டளை போட்டுவிடுங்கள். வாக்கிய அமைப்புக்கு அது போதும். என் 'கேன்' சங்கதி போன்றவற்றுக்கு ஒரு மனிதக் காது வேண்டும்.

எந்த வழியானாலும் இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் வேலையைப் பற்றியோ உங்கள் தெருவைப் பற்றியோ ஆங்கிலத்தில் இரண்டு நிமிஷம் நிறுத்தாமல் பேசி ஃபோனில் பதிவு செய்யுங்கள். கேட்டுப் பார்த்து உங்களுக்குத் தெரிகிற தவறுகளை ஒரு தாளில் எழுதுங்கள். அவற்றைச் சரி செய்து மறுபடி பதிவு செய்யுங்கள். பதிவில் தேதியைப் போட்டு வையுங்கள். பிறகு ஆசிரியரிடம் போகும் முதல் நாள், அந்த இரண்டாவது பதிவையும் தாளையும் கொண்டுபோய்க் கொடுத்து, "இதுல எனக்குக் கேக்காதது என்னன்னு சொல்லுங்க" என்று கேளுங்கள்.